கடும் கிளர்ச்சி நிலையில் எந்த ஊசி? ஒரு நிகழ்வு ஆய்வு

மனச்சிதைவு நோய்க்கு நான்கு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவந்த 27 வயது ஆண் ஒருவரை, கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாத இரவில், சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவருடைய தாயும் அண்ணனும் ஆட்டோவில் அழைத்துவந்தனர். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கியே இதை எழுதுகிறேன். கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் கிளர்ச்சி நிலையில் வருபவரை ஊசி மருந்துகளுள் எது விரைவாக அடக்கும் என்ற கேள்வியைத்தான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். ஊசி போட்ட பிறகு வரும் மணிநேரங்களில் எது குறைந்த தீங்கு செய்யும், அந்த நேரம் முழுவதும் நம்மால் எதைக் கண்காணிக்க முடியும் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி என்பதற்கு இவருடைய நிகழ்வு நல்ல சான்று.

அவர் நாள்தோறும் நோய்க்கு ரிஸ்பெரிடோன் 4 மி.கி., அதனால் வரும் தசைப் பக்கவிளைவுகளுக்கு ட்ரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. எடுத்துவந்தவர். வீட்டில் அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மாத்திரை சாப்பிடும் விஷயம் பெண் வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று குடும்பமே கூடிப் பேசி, இரண்டு மாதங்களுக்கு முன் மருந்தை நிறுத்தியிருந்தது. இதை அண்ணன் தயங்கித் தயங்கியே சொன்னார். சென்னையில் நோய் திரும்பி வரும் இளைஞர்களிடம் இந்தக் காரணத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். குடும்பத்தைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மையைச் சொல்லவும் மாட்டார்கள், ஆகவே கடிந்துகொள்ளவில்லை.

மூன்று இரவுகளாக அவர் தூங்கவில்லை. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று உறுதியாக நம்பியதால், இரண்டு நாள்களாக வீட்டில் தண்ணீரே குடிக்கவில்லை, சோற்றையும் தொடவில்லை. அன்று மாலை லாரி ஓட்டுநரைக் கட்டையால் அடிக்கப் போனபோது அக்கம்பக்கத்தினர் பிடித்துக் கையைத் துண்டால் கட்டியிருக்கிறார்கள். வழியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் காட்டியபோது அங்கே ஓர் ஊசி போட்டுப் பெரிய இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த சீட்டில் நேரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. மருந்தின் பெயர் இருந்த இடத்தில் படிக்க முடியாத ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தது.

முதலில் கையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலுமாகத் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மிகக் குறைந்த நேரத்துக்கு, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்றும், அதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்த மாநிலம் இது. இந்தப் பிரிவுகளை வெறும் நடைமுறை விதிகளாக எங்களால் படிக்க முடிவதில்லை.

அறையில் ஆள்களைக் குறைத்து, இரண்டு கை நீளத் தூரத்தில் நின்று, ஒருவர் மட்டுமே பேசுவது என்று வைத்துக்கொண்டோம். "உங்களுக்கு ரொம்ப தாகமா இருக்கும், சீல் உடைக்காத பாட்டில் இருக்கு, நீங்களே திறங்க" என்று செவிலியர் நீட்டியதும் அவர் பாட்டிலை வாங்கினார். மூடியை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, பிறகு ஒரே மூச்சில் பாதி பாட்டிலைக் குடித்தார். அந்த ஐந்து நிமிட அமைதியில்தான் விரல் நுனி ரத்தச் சர்க்கரையும் (94 மி.கி.), ஆக்சிஜன் அளவும் (98 சதவீதம்), நாடித்துடிப்பும் (118), உடல் வெப்பமும் (99.6 ஃபாரன்ஹீட்) பார்க்க முடிந்தது. தலையில் காயமில்லை, கழுத்து விறைக்கவில்லை, சாராய நெடியில்லை. நாள், இடம், ஆள் எல்லாம் தெளிவாகச் சொன்னார். கிளர்ச்சியோடு வருபவர்களில் குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியதால் சித்தப்பிரமையாகிக் கலங்கி நிற்பவர்களும் உண்டு, சர்க்கரை இறங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு மனநோய் எதிர்ப்பு ஊசி போடுவது நோயை மறைத்து உயிரையே பறிக்கக்கூடும். குடி நிறுத்தக் கலக்கத்தில் முதல் மருந்து, அமைதியும் தூக்கமும் தரும் பென்சோடயசெபீன் வகைதான். எனவே இந்த ஐந்து நிமிடத்தைப் பெற எவ்வளவு பேசினாலும் தகும்.

நாக்கில் கரையும் மாத்திரையை நீட்டியபோது தட்டிவிட்டார். சற்று நேரத்தில் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கிக் காவலர் மீது ஓங்கினார். கிளர்ச்சியை அளக்கும் ஐந்து கூறு அளவுகோலில் (இறுக்கம், ஒத்துழையாமை, பகைமை, உந்துதலை அடக்க இயலாமை, கொந்தளிப்பு, ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை) அவருடைய கூட்டுத்தொகை 35க்கு 29. ஊசி தவிர்க்க முடியாததாகிவிட்டது.

எந்த ஊசி என்ற இடத்தில் அவருடைய தாய் குறுக்கிட்டார். "டாக்டர், போன தடவ ஒரு ஊசி போட்டாங்க. ராத்திரி கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, கண்ணு மேல சொருகிடுச்சு, நாக்கு தள்ளிடுச்சு. அந்த ஊசி மட்டும் வேணாம்யா."

அவர் சொன்னது, மருந்தால் தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவின் பாடப்புத்தக விவரிப்பு. பழைய கோப்பைப் பார்த்ததில், நான்கு ஆண்டுகளுக்கு முன் முதன்முறை நோய் வந்தபோது வேறோர் இடத்தில் மனநோய் எதிர்ப்பு மருந்தான ஹாலோபெரிடால் 10 மி.கி. தனியாகப் போடப்பட்டிருந்தது தெரிந்தது. இதற்குள் எங்கள் பணி மருத்துவர் அந்தத் தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, கிறுக்கலாக இருந்தது பென்சோடயசெபீன் வகையைச் சேர்ந்த லோராசெபாம் 4 மி.கி. தசையூசி என்றும், போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது என்றும் அறிந்து வந்தார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு அன்றைய இரவின் போக்கையே தீர்மானித்தது.

கைவசம் இருந்த மருந்துகளை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹாலோபெரிடால் 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் உருவானது. மலிவானது, எங்கும் கிடைப்பது, தசையூசியாக 20 நிமிடத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தை எட்டுவது. ரத்த அழுத்தத்தை அதிகம் இறக்காது, மூச்சை அடக்காது. ஆனால் தனியாகப் போட்டால் இளம் ஆண்களுக்குத் தசை முறுக்கு வருவது சாதாரணம். குரல்வளைத் தசைகளில் அந்த முறுக்கு வந்தால் மூச்சே அடைக்கும். பிரேசிலின் ரியோ நகரில் 316 பேரிடம் ஹாலோபெரிடாலைத் தனியாகவும் ப்ரோமெத்தசினுடனும் ஒப்பிட்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வில், 20 நிமிடத்தில் கூட்டு மருந்து பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் அமைதியடைந்தார்கள் அல்லது தூங்கினார்கள்; தனி மருந்தில் அது 55 சதவீதம். அதைவிட முக்கியமானது, தனி ஹாலோபெரிடால் பெற்றவர்களில் 10 பேருக்கு டிஸ்டோனியா வந்தது, கூட்டு மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த ஆய்வே இதனால் முன்கூட்டி நிறுத்தப்பட்டது. வேறு மருந்து கைவசம் இருக்கும்போது ஹாலோபெரிடாலை மட்டும் போடுவது அறமன்று எனக் கருதத்தக்கது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுத்துவிட்டது. ஆயினும் நம் ஊரின் பல சிறு மருத்துவமனைகளில் தனி ஹாலோபெரிடால் இன்றும் போடப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உடன் சேர்க்க வேண்டிய ப்ரோமெத்தசின் விலை உயர்ந்த மருந்தும் அன்று, கிடைக்காத மருந்தும் அன்று.

வார்டுகளில் இந்தக் கூட்டை வணிகப் பெயர்களால் "செரினேஸ்–ஃபெனர்கன்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ப்ரோமெத்தசின் ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும் பழைய மருந்து. தூக்கம் வரவழைக்கும் அதன் குணம் ஹாலோபெரிடாலுக்குத் துணை நிற்கிறது. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் குணம் தசை முறுக்கைத் தடுக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவில் 200 பேரிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில் இந்தக் கூட்டையும் லோராசெபாம் 4 மி.கி. ஊசியையும் ஒப்பிட்டார்கள். நான்கு மணி நேர முடிவில் இரு தரப்பிலும் 96 சதவீதம் பேர் அமைதியாகவோ தூங்கியோ இருந்தார்கள். ஆனால் கூட்டு மருந்து விரைவாக வேலை செய்தது, தூங்கியவர்கள் 76 சதவீதம், லோராசெபாமில் 45 சதவீதம். நம் நோயாளிக்கு லோராசெபாம் போட்டு ஒரு மணி நேரம் கழிந்தும் அவர் ஸ்டாண்டைத் தூக்கியதில் வியப்பில்லை. நம் நோயாளிகளைப் போன்றவர்களிடம், நம்முடையதைப் போன்ற நெரிசலான அவசரப் பிரிவில், நம் மாநிலத்திலேயே பெறப்பட்ட சான்று இது. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் புரட்டுமுன் இதைப் படிக்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

அடுத்தது இன்னொரு மனநோய் எதிர்ப்பு மருந்தான ஓலன்சபின் தசையூசி. தூளாக வரும் 10 மி.கி. குப்பியில் 2.1 மி.லி. சுத்திகரித்த நீரைச் செலுத்திக் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதே அளவு மாத்திரையாகக் கொடுத்தால் எட்டும் உச்சத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கை 15 முதல் 45 நிமிடத்தில் ரத்தத்தில் எட்டும். டிஸ்டோனியா மிக அரிது. தாயின் அச்சத்தைக் கேட்டதும் யாருடைய மனமும் முதலில் இதை நோக்கித்தான் செல்லும். எங்கள் மனமும் சென்றது. வேலூரின் இரண்டாவது ஆய்வில் (2007, 300 பேர்) 15 நிமிடத்தில் ஓலன்சபின் பெற்றவர்களில் 87 சதவீதமும் கூட்டு மருந்து பெற்றவர்களில் 91 சதவீதமும் அமைதியடைந்திருந்தார்கள். இந்த அளவில் இரண்டும் சமம் என்றே சொல்லலாம். வேறுபாடு பிறகுதான் தெரிந்தது: நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் மருந்து தேவைப்பட்டவர்கள் ஓலன்சபினில் 43 சதவீதம், கூட்டு மருந்தில் 21 சதவீதம். இரவுப் பணியில் இரண்டு செவிலியர்கள் மட்டுமே உள்ள ஒரு வார்டில் நோயாளியை மீண்டும் ஒரு முறை பிடித்து ஊசி போடுவது என்பது நோயாளிக்கும் பணியாளருக்கும் இரண்டாவது காயம். இந்த எண்ணை நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நோயாளிக்கு ஓலன்சபின் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு வலுவான காரணங்கள் வேறு இரண்டு. முதலாவது, ஊசிவழி பென்சோடயசெபீனும் ஓலன்சபின் தசையூசியும் சேரும்போது அளவுக்கு மீறிய மயக்கமும், ரத்த அழுத்த வீழ்ச்சியும், மூச்சு ஒடுக்கமும் ஏற்படலாம். இரண்டையும் ஒன்றாகப் பெற்றவர்களில் இறப்புகள் பதிவாகியுள்ளன. ஓலன்சபின் போட்டபின் பென்சோடயசெபீன் ஊசி தேவைப்பட்டால் குறைந்தது ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்; பென்சோடயசெபீன் முன்பே போடப்பட்டிருந்தால் நோயாளியின் நிலையைக் கவனமாக மதிப்பிட்ட பிறகே ஓலன்சபினை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. லோராசெபாமின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். இரண்டாவது, இரண்டு நாள் தண்ணீர் குடிக்காத உடல். ஓலன்சபின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சடாரென இறக்கும். சிலருக்கு நாடித்துடிப்பும் குறையும். மே மாதச் சென்னையில் உடல் வறண்டு வருபவருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

குளோர்ப்ரோமசின் ஊசியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: போட்ட இடம் கடுமையாக வலிக்கும், ரத்த அழுத்தம் சரியும், இன்று அதற்கு இடமில்லை. பென்சோடயசெபீன் வகையிலேயே இன்னொன்றான மிடசோலாம் எல்லாவற்றையும்விட விரைவானது. ரியோவின் முதல் ஆய்வில் 20 நிமிடத்தில் 89 சதவீதம் பேரை அடக்கியது. ஆனால் முன்பே லோராசெபாம் ஏறிய உடலில் மூச்சு ஒடுக்கத்துக்கு அஞ்ச வேண்டும்.

அண்ணன் கேட்டது இன்னொன்று: "மூணு நாளு அசையாம தூங்கவெக்கிற ஊசி இருக்காமே, அத போட்டுடுங்க." அவர் கேள்விப்பட்டிருந்தது சுக்ளோபென்திக்சால் அசிடேட். அது வேலை தொடங்கவே சில மணி நேரம் ஆகும், உச்சத்தை எட்ட 24 முதல் 36 மணி நேரம், நீடிப்பது இரண்டு மூன்று நாள். உடனடி அமைதிக்கு அது பயன்படாது. தீங்கு வந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது. இதே காரணத்தால்தான் ஹாலோபெரிடால் டெக்கனோயேட், ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் போன்ற மாதாந்திர எண்ணெய் ஊசிகளையும் அவசரத்தில் தொடக் கூடாது. ஹாலோபெரிடால் என்ற பெயர் இரண்டு ஆம்பியூல்களிலும் இருப்பதால், நள்ளிரவு அவசரத்தில் கை மாறி எடுக்க வாய்ப்புண்டு. எங்கள் வார்டில் டெக்கனோயேட் ஆம்பியூல்கள் அவசரத் தட்டில் இருப்பதே இல்லை. பூட்டிய வேறொரு அலமாரியில் இருக்கும்.

ஆக, ஹாலோபெரிடால் 5 மி.கி.யும் ப்ரோமெத்தசின் 50 மி.கி.யும் என்று முடிவாயிற்று. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்ட 10 மி.கி. ஹாலோபெரிடாலைப் பாதியாக்கியதற்கு மூன்று காரணங்கள்: முன்பு வந்த டிஸ்டோனியா, உள்ளே இருக்கும் லோராசெபாம், இன்னும் எடுக்க முடியாத இ.சி.ஜி. இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியை (அது அதிகம் நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம்) ஹாலோபெரிடால் நீட்டக்கூடியது என்பதால் இ.சி.ஜி. பார்த்துவிட்டுப் போடுவதே முறை. அவருக்கு இதய நோய் இல்லை, குடும்பத்தில் திடீர் மரணம் இல்லை என்று தாயிடம் உறுதி செய்துகொண்டு, அடங்கியவுடன் முதல் வேலையாக எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தாயிடம் பேச எடுத்துக்கொண்ட நேரத்தை யாரும் வீண் என்று எண்ணக் கூடாது. "அம்மா, அதே மருந்துதான், ஆனா பாதி அளவு. கழுத்து இழுக்காம இருக்க இன்னொரு ஊசி கூடவே போடுறோம். அப்படியும் இழுத்தா பத்து நிமிஷத்துல சரி பண்ண மருந்து கையில இருக்கு. ராத்திரி முழுக்க ஒருத்தர் பக்கத்துல இருப்பாங்க." அவர் சற்று நேரம் மகனைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவசர சிகிச்சையிலும், நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதி அருகில் இருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதும், அந்தச் சிகிச்சை 72 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்பதும் சட்டத்தின் 94ஆம் பிரிவு.

ஐந்து பேர் பிடிக்க, 11.45க்கு இரண்டு ஊசிகளும் தனித்தனிச் சிரிஞ்சில் தசையின் ஆழத்தில் போடப்பட்டன. ப்ரோமெத்தசின் தவறித் தமனியில் இறங்கினால் திசு அழுகும் அளவுக்குச் சேதம் வரும் என்பதால், ஆள் துள்ளும்போது அவசரப்பட்டுக் குத்தக் கூடாது. பிடித்திருந்தது நான்கு நிமிடம். அதையும் குறிப்பேட்டில் எழுதினோம். யாரும் மார்பின் மீதோ முதுகின் மீதோ அழுத்தவில்லை.

முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், விழிப்பு நிலை ஆகியவற்றைக் குறித்தோம். 12.15க்குக் கட்டிலில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார், 12.40க்குத் தூங்கிவிட்டார், பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்தார். ரத்த அழுத்தம் 104/70. திருத்திய க்யூ.டி. இடைவெளி 438 மில்லி விநாடி. 500ஐத் தாண்டியிருந்தால் மறு ஊசிக்கு இடமே இல்லை. பொட்டாசியம் 3.3 என்று சற்றுக் குறைந்திருந்தது, சலைனுடன் சரிசெய்தோம். தசை நொதியான சி.பி.கே. 860. கட்டியதாலும் போராடியதாலும் ஊசியாலும் அது உயரும். ஆயினும் உடல் வறட்சியும் மனநோய் எதிர்ப்பு மருந்தும் சேரும் இடத்தில் இந்த மருந்துகளால் உயிருக்கே ஆபத்தாகும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சின்ட்ரோம் வரக்கூடும் என்பதால், காய்ச்சலையும் தசை விறைப்பையும் அடுத்த இரண்டு நாளும் தேடிப் பார்த்தோம். இரண்டும் வரவில்லை.

டிஸ்டோனியாவுக்கான கண்காணிப்பை ஒரே இரவில் முடித்துவிடக் கூடாது. ஹாலோபெரிடால் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ப்ரோமெத்தசின் அதற்கு முன்பே வடிந்துவிடும். காவல் போனபின் கள்வன் தங்கியிருப்பதைப் போன்ற அந்த இடைவெளியில்தான் மறுநாள் கழுத்து இழுக்கும். எனவே காலையில் விழித்ததும் ட்ரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. மாத்திரையைத் தொடங்கினோம்.

காலை 7 மணிக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. நோயாளி வார்டில் இங்குமங்கும் நடந்துகொண்டே இருக்கிறார், உட்காரச் சொன்னால் எரிந்து விழுகிறார், மறு ஊசி போடலாமா என்று பணி மருத்துவர் கேட்டார். அருகில் போய்ப் பார்த்தபோது அவர் யாரையும் முறைக்கவில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. உட்கார்ந்தால் இரு கால்களும் மாறி மாறி ஆடின; நின்றால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தார். "என்ன பண்ணுது?" என்று கேட்டதற்கு, "காலு நிக்க மாட்டேங்குது சார், உள்ள என்னமோ ஊருது" என்றார். இது நோயின் கிளர்ச்சி அன்று. ஹாலோபெரிடால் தந்த அக்கதீசியா, அதாவது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு. ப்ரோமெத்தசின் கழுத்து முறுக்கைத் தடுக்குமளவுக்கு இதைத் தடுப்பதில்லை. இதைக் கிளர்ச்சி என்று எண்ணி மீண்டும் ஹாலோபெரிடால் போட்டால் தவிப்பு இரட்டிக்கும், அதற்கு மேலும் ஊசி போடப்படும். இந்தச் சுழலில் சிக்கித் தற்கொலைக்கு முயன்றவர்களும் உண்டு. ஒரு கேள்வி கேட்டு, கால்களைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். ஆஸ்துமா இல்லை என்பதையும் ரத்த அழுத்தம் 118/76க்கு ஏறியிருப்பதையும் பார்த்துவிட்டு ப்ரோப்ரனலால் 20 மி.கி. கொடுத்தோம். மதியம் அவர் கட்டிலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார்.

ஹாலோபெரிடால் தொடரப்படவில்லை. லோராசெபாம் வடிந்து, நன்றாக நீர் குடித்து, ரத்த அழுத்தம் நிலைபெற்ற பின், அன்றிரவு ஓலன்சபின் 10 மி.கி. நாக்கில் கரையும் மாத்திரையாகத் தொடங்கப்பட்டது. முந்தைய இரவில் ஆபத்தாக இருந்த மருந்து மறுநாள் இரவில் பொருத்தமானதாயிற்று. இடையில் மாறியவை நோயாளியின் உடல் நிலையும், அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த விவரங்களும்தான்.

பத்தாம் நாள் அவர் தெளிந்து பேசியபோது, ஊசியைப் பற்றி அவரிடமே கேட்டோம். ஊசி வலித்தது நினைவில்லை, ஐந்து பேர் பிடித்தது நினைவிருக்கிறது என்றார். இனி இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தானே சொல்லி எழுதி வைக்க விரும்பினார். சட்டத்தின்படி முன்கூட்டிய விருப்ப ஆவணம் எழுத அவருக்கு உரிமை உண்டு. அவசர சிகிச்சையை அந்த ஆவணம் கட்டுப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். தெரிந்தும் எழுதினார். தனி ஹாலோபெரிடால் வேண்டாம், முதலில் கரையும் மாத்திரையையும் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துப் பாருங்கள், ஊசி என்றால் மருந்தின் பெயரை எனக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்பவை அதில் உள்ள மூன்று வரிகள். அதன் ஒரு படியும், போட்ட மருந்துகளின் பெயர், அளவு, நேரம், வந்த பக்கவிளைவு ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதிய ஓர் அட்டையும் தாயிடம் தரப்பட்டன. மாதாந்திர ஊசியைப் பற்றிப் பேசினோம். இப்போதைக்கு மாத்திரையே போதும் என்று அவர் சொன்னதால், எடையையும் சர்க்கரையையும் பார்க்க மாதம் ஒரு முறை வரும்படி கூறி வீட்டுக்கு அனுப்பினோம்.